எலிகளின் கழுத்து சுத்தமாக இருந்தது

பதற்றம் எனக்குப் பிறவிக் குணம். பரீட்சை மண்டபத்தில் வினாத்தாள் வருவதற்கு முன்பே எனக்கு வியர்த்துவிடும். பஸ் ஐந்து நிமிடம் பிந்தினால் அது எங்கேயோ கவிழ்ந்துவிட்டது என்றுதான் முதலில் நினைப்பேன். இப்படிப்பட்ட ஒருத்தியின் கையில், எட்டு நாளைக்கு ஒரு தடவை தானாகவே பாதியாகிப்போகிற ஒரு பொருளைக் கொடுத்தால் அவள் நித்திரை கொள்வாளா? எண்பத்தைந்தாம் ஆண்டு ஐப்பசி மாதம் முழுக்க நான் நித்திரை கொள்ளவில்லை.

அந்தப் பொருள் கதிர்வீசும் அயடீன். யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் எங்கள் ஆய்வுகூடத்தில் அப்போது நான் உதவி விரிவுரையாளர். முதுநிலைப் பட்டத்துக்கு நான் எடுத்திருந்த வேலை எலிகளில் புற்றுக்கட்டியைக் கண்டுபிடிப்பது. வேண்டாத ஒன்று உள்ளே வந்தால் அதைத் தேடிப்பிடித்து ஒட்டிக்கொள்ள உடம்பு ஒரு புரதத்தை உண்டாக்கும். அதற்குத்தான் பிறபொருளெதிரி என்று பெயர். ஒரு குறித்த புற்றுக்கட்டியில் மட்டும் போய் ஒட்டுகிற பிறபொருளெதிரியை, எனக்குப் பொறுப்பாக இருந்த பேராசிரியர் தான் படித்த வெளிநாட்டு ஆய்வுகூடத்திலிருந்து உறையவைத்துக் கொண்டுவந்திருந்தார். அவரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் சொல்வோம். அந்தப் பிறபொருளெதிரியோடு கதிர்வீசும் அயடீனைப் பிணைத்து எலியின் வால் நாளத்தில் ஏற்றினால், அது உடம்பெல்லாம் சுற்றிக் கடைசியில் கட்டியில் போய்க் குந்திவிடும். பிறகு கதிர்வீச்சு பட்டால் சத்தம் போடுகிற கவுண்டரை வெளியிலிருந்து பிடித்தால் போதும், கட்டி இருக்கும் இடத்தில் அது கிடந்து கத்தும். வெட்டவும் வேண்டாம், கொத்தவும் வேண்டாம்.

சொல்ல நன்றாகத்தான் இருக்கிறது. அயடீன் கொழும்பிலிருந்து வரவேண்டும். சண்டை ஓய்ந்து பாதை திறந்தால் மினிபஸ், மூடினால் முருகன் விட்ட வழி. அது அங்கே கிடந்து பாதியாகிக்கொண்டிருக்க, இங்கே எலிகளின் வலது தொடையில் நாங்கள் வைத்த கட்டி வளர்ந்துகொண்டிருந்தது. பயறளவில் இருந்தால் கண்டுபிடித்தோம் என்று சொல்லலாம். புளியங்கொட்டையளவு வந்தால் எலிக்கூண்டைக் கழுவுகிற அண்ணையே விரலால் தொட்டுக் காட்டிவிடுவார். பிறகு அயடீன் என்னத்துக்கு?

அயடீனிடம் இன்னுமொரு கெட்ட குணம் உண்டு. பிணைப்பிலிருந்து கழன்றதெல்லாம் நேரே தொண்டையில் இருக்கும் தைரொயிட் சுரப்பிக்குப் போய் அங்கேயே தங்கிவிடும். அதைத் தடுக்க ஒரு வழி இருக்கிறது. சாதாரண அயடீனை முன்கூட்டியே குடிக்கக் கொடுத்துச் சுரப்பியை நிரப்பிவிட வேண்டும். வயிறு முட்டச் சாப்பிட்டவன் சோற்றைத் திரும்பிப் பார்க்கமாட்டான்தானே. அதனால் எலிகளின் தண்ணீர்ப் போத்தல்களில் நான் தினமும் காலையில் என் கையாலேயே அயடீன் சொட்டு விட்டேன். வேறு ஒருவரையும் நம்பவில்லை. ஒவ்வொரு எலியும் குடிக்கிறதா என்று குந்தியிருந்து பார்ப்பேன்.

அதே நாட்களில்தான் கந்தசஷ்டி தொடங்கியது.

கலியாணமாகி நாலு வருஷம், பிள்ளை இல்லை. யாழ்ப்பாணக் கரையில் இருக்கிற கொழும்புத்துறையில் மாமியாரோடு இருந்தேன். என் கணவர் உடுப்பிட்டியில் படிப்பித்தார், வெள்ளிக்கிழமை பின்னேரம்தான் வீட்டுக்கு வருவார். பிள்ளை வேண்டும் என்று பெண்கள் பிடிக்கிற விரதம் சஷ்டி. ஆறு நாளும் பகலில் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது, பொழுதுபட்ட பிறகு பாலும் பழமும் மட்டும் என்று நான் எனக்கு விதித்திருந்தேன். மாமியும் எனக்காகத் தானும் பிடித்தார். முந்தின வருஷம் மூன்றாம் நாள் வாய் கொப்பளிக்கும்போது ஒரு மிடறு உள்ளே போய்விட்டது. பிள்ளை தங்காததற்குக் காரணம் அந்த ஒரு மிடறுதான் என்று நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன். மாமியிடம் மூச்சு விடவில்லை. விஞ்ஞானம் படித்தவள்தான், சிரிக்காதீர்கள்.

ஆய்வுகூடத்திலும் விரதம் என்று சொல்லவில்லை. சேருக்குக் கடவுள் நம்பிக்கை இல்லை. நம்புகிறவர்களைச் சும்மா விடுகிற பழக்கமும் இல்லை. திருவிழாக் காலத்தில் நெற்றி நிறைய விபூதியோடு வந்த ஒரு விரிவுரையாளரிடம், "உதைத் தராசிலை நிறுத்தே பூசினனீர்?" என்று கேட்டவர் அவர். எனக்கென்ன தலையெழுத்தா அவரிடம் வாங்கிக் கட்ட? வயிற்றெரிவு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லிச் சமாளித்தேன்.

விரதத்தின் நாலாம் நாள் காலை அயடீன் வந்து சேர்ந்தது. ஈயச் சாடியின் பாரத்தில் உரப்பை கிழிகிற மாதிரி இருந்தது. மினிபஸ்காரன் அதைத் தொப்பென்று வைத்து, "என்ன, இரும்புக் கடையே வைச்சிருக்கிறியள்?" என்று முறைத்துவிட்டுப் போனான். சேர் சின்னப் பிள்ளை மாதிரி ஓடிவந்தார்.

"பிள்ளை, இண்டைக்கே செய்யவேணும். இனி ஒரு நாளும் பிந்தேலாது."

இரண்டு சின்னக் கிளாஸில் தண்ணீரை ஊற்றி, எலிகளுக்குப் பாவிக்கிற அதே போத்தலிலிருந்து, எங்கள் தொண்டைக்கும் காவலாகச் சாதாரண அயடீனை அளந்து விட்டார். தன்னுடையதை ஒரே இழுவையில் குடித்து முகத்தைச் சுளித்தார். மற்றதை என்னிடம் நீட்டினார். அந்த நேரம் பார்த்து அவரை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள்.

"குடிச்சுப்போட்டுக் கொஞ்ச நேரம் இருந்திட்டுத் தொடங்கும். எனக்காகப் பாத்துக்கொண்டிருக்கவேண்டாம்."

போய்விட்டார். நான் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். பத்தரை மணி. பொழுதுபட இன்னும் எவ்வளவு நேரம்! இந்த வருஷமும் ஒரு மிடறால் கெட்டுப்போக வேண்டுமா? விசிறி பூட்டிய கண்ணாடிப் பெட்டிக்குள் கையை மட்டும் விட்டுச் செய்கிற வேலை, எழும்புகிற ஆவியை விசிறி வெளியே இழுத்துவிடும், ஒரு நாளைக்கு என்ன வந்துவிடப்போகிறது? கிளாஸைக் கழுவுதொட்டியில் ஊற்றினேன். மண்ணிறக் கறை போகும்வரை பைப்பைத் திறந்துவிட்டேன். கிளாஸைத் துடைத்துக் கவிழ்த்தும் வைத்தேன். கள்ள வேலையிலும் ஒரு ஒழுங்கு!

அயடீன் குப்பியைத் திறந்து பிறபொருளெதிரியோடு சேர்த்து, இரண்டையும் பிணைக்கிற மருந்தையும் விட்டேன். விட்ட கையோடு கறண்ட் போனது. விசிறி இரண்டு சுற்றுச் சுற்றி நின்றது.

விதிப்படி என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும். பெட்டியின் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே ஓட வேண்டும். ஆனால் அந்த மருந்தை உடனே நிறுத்தாவிட்டால் புரதம் பழுதாகிவிடும். குப்பியில் இருப்பதோ ஏற்கெனவே அரைவாசி. இன்னொரு குப்பி எந்த மாதம், எந்தப் பாதையால் வரும்? நான் நின்றேன். சேலைத் தலைப்பை மூக்கில் வைத்துக்கொண்டு, மாற்று மருந்தை விட்டு அதை நிறுத்தினேன். பிறகு எல்லாவற்றையும் ஒரு ஒடுங்கின குழாய் வழியாக இறக்கி, ஒட்டின அயடீனையும் ஒட்டாத அயடீனையும் பிரித்து எடுத்தேன். எவ்வளவு நேரம் அங்கே நின்றேன் என்று இன்றுவரை தெரியாது. மணிக்கூட்டைப் பார்க்காத ஒரே நேரம் அதுதான். பின்னேரம் சேர் எலிகளைப் பிடிக்க, நான் ஊசி ஏற்றினேன். பெருமையாகக்கூட இருந்தது.

கட்டியில் அது போய்ச் சேர இரண்டு நாள் விட வேண்டும். ஆறாம் நாள், கோயிலில் சூரன் போருக்குச் சனம் சேர்ந்துகொண்டிருந்த நேரம், நாங்கள் கவுண்டரோடு இருந்தோம். முதல் எலியின் இடது தொடையில் வைத்தபோது சும்மா சொட்டுச் சொட்டாகச் சத்தம். வலது தொடையில் கட்டி இருந்த இடத்துக்குக் கொண்டுபோனதும் தகரக் கூரையில் மழை கொட்டின மாதிரி! ஐந்தாவது எலியில் ஒரு அதிசயம் நடந்தது. தொடையில் கத்த வேண்டியது கத்தியது, முன்னங்காலுக்கு அடியிலும் கத்தியது. அங்கே எங்கள் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. சேர் அந்த எலியைத் திறந்து பார்த்தார். தோலுக்கு உள்ளே கடுகைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு கட்டி இருந்தது. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். எந்த எலியின் கழுத்திலும் சத்தமே இல்லை. நான் விட்ட சொட்டுகள் வேலை செய்திருந்தன.

வேலை முடிந்தால் மேசை, கை, மேலங்கி எல்லாவற்றையும் கவுண்டரால் தடவிப் பார்ப்பது வழக்கம். சேர் தன் கழுத்தில் வைத்தார். ஒன்றுமில்லை. சிரித்துக்கொண்டே என் கழுத்துக்குக் கொண்டுவந்தார். அது கத்தத் தொடங்கியது.

அவர் சிரிப்பை நிறுத்தினார். கவுண்டரை எடுத்தார், திரும்ப வைத்தார்.

"அயடீன் குடிச்சனீர்தானே?"

"ஓம் சேர்."

எவ்வளவு சுகமாக வந்தது அந்தப் பொய்! அவர் கூண்டுகளைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரே போத்தல்," என்றார். "எலியளின்ரை கழுத்து சுத்தம். என்ரை கழுத்து சுத்தம். உமக்கு மட்டும் அது வேலை செய்யேல்லையோ?"

என்னைக் காட்டிக்கொடுத்தவை நான் குந்தியிருந்து வளர்த்த எலிகள். இனி என்ன சொல்லித் தப்புவது?

"ஊத்திப்போட்டன் சேர். விரதம்."

சிரிப்பார் என்று காத்திருந்தேன். திட்டினாலும் பரவாயில்லை என்றிருந்தது. அவர் கதிரையை இழுத்து இருந்தார்.

"சஷ்டியே?"

"ஓம்."

எதற்காக என்று அவர் கேட்கவில்லை. நாலு வருஷமாக என்னைத் தெரிந்தவர். கவுண்டரை நிறுத்திவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார். "பிழையாய் நினைக்காதையும் பிள்ளை. உமக்கு நாள் தள்ளிப்போயிருக்கோ?"

அயடீனின் நாளை எண்ணினேன், கட்டியின் நாளை எண்ணினேன், விரதத்தின் நாளை எண்ணினேன். என் நாளை எண்ணுவதை எப்போதோ விட்டிருந்தேன். மாதாமாதம் எண்ணி எண்ணி ஏமாந்து களைத்துப்போன ஆள் நான். அந்த இடத்திலேயே விரலை மடித்து எண்ணினேன். எட்டு நாள் தள்ளிப்போயிருந்தது.

அடுத்த நாள் பாறணை. விரதம் முடித்துச் சாப்பிடுகிற நாள் என்று மாமி விடியவே எழும்பி எத்தனையோ கறி வைத்தார். எனக்கு ஒரு வாய் இறங்கவில்லை. ஆய்வுகூடத்துக்குப் போய்ச் சோதித்தோம். பிள்ளைதான்.

ஐயோ, அதை எப்படிச் சொல்வேன்! பிள்ளை கேட்டுப் பட்டினி கிடந்த ஆறு நாளும் பிள்ளை எனக்குள்ளேயே இருந்திருக்கிறது. அதைக் கேட்டுப் பிடித்த விரதத்தால் அதற்கே நஞ்சைக் கொடுத்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். பக்கத்தில் இருந்த மனுசி செத்தவீட்டுக்குப் போகிறேன் என்று நினைத்து என் கையைத் தடவிவிட்டாள்.

மாமியிடம் பிள்ளைச் செய்தியை மட்டும் சொன்னேன். "முருகன் கண் திறந்திட்டான்!" என்று கும்பிட்டார். பொழுதுபடுவதற்குள் ஒழுங்கையில் எல்லா வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. வெள்ளிக்கிழமை வந்த என் கணவர் என்னைத் தூக்காத குறை. "இஞ்சரும், சந்தோசமான நேரத்திலை ஏன் மூஞ்சையை உப்பிடி வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார். குமட்டிச் சத்தி வருகிறது என்றேன். அதுவும் உண்மைதான்.

சேர் இனி அயடீன் பக்கமே வரக்கூடாது என்று கட்டளை போட்டார். தடித்த புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து ஒரு பக்கத்தைக் காட்டினார். வயிற்றிலிருக்கிற பிள்ளையின் தைரொயிட் ஏறக்குறைய பன்னிரண்டாம் கிழமையில்தான் அயடீனை இழுக்கத் தொடங்கும். எனக்கு அப்போது ஐந்தாம் கிழமை.

"உம்மடை கழுத்திலை கிடக்கிறது அதுக்கிடையிலை ஆறு தரம் பாதியாகும்," என்றார்.

"அப்ப மிச்சம்?"

"அறுபத்துநாலிலை ஒண்டு."

"ஒண்டு இருக்குதுதானே சேர்."

அவர் புத்தகத்தை மூடினார்.

அதன் பிறகு ஒவ்வொரு திங்கட்கிழமையும் எலிகளுக்குப் பிடிக்கிற அதே கவுண்டரை என் கழுத்தில் பிடித்துப் பார்ப்பேன். கதவைப் பூட்டிக்கொண்டு. சத்தம் கிழமைக்குக் கிழமை குறைந்தது. ஒரு திங்கள், இராணுவம் இருந்த கோட்டைப் பக்கம் வெடிச்சத்தம் கேட்டு பஸ் ஓடவில்லை. அந்தக் கிழமை முழுக்க, பார்க்காததால் அது கூடியிருக்கும் என்று பயந்தேன். பாதியாகிறது எப்படிக் கூடும்? பன்னிரண்டாம் கிழமை வந்தபோது என் கழுத்துச் சத்தத்தையும் சும்மா சுவரில் பிடித்தால் வருகிற சத்தத்தையும் என்னால் பிரித்தறிய முடியவில்லை. கவுண்டருக்கே கேட்கவில்லை என்றால் இல்லை என்றா அர்த்தம்? எலியின் முன்னங்காலுக்கு அடியில் கடுகளவு கிடந்ததை எங்கள் கண் காணவில்லைதானே. இப்படியே வயிறும் வளர்ந்தது, பயமும் வளர்ந்தது. எலிகளின் வேலையை எழுதி முடித்தேன். வாசித்தவர்கள் நல்ல வேலை என்றார்கள். எனக்கு அந்தத் தாள்களைத் தொடவே பிடிக்கவில்லை.

ஆனி மாதம் பெண் பிள்ளை பிறந்தாள். கை, கால், கண், மூக்கு எல்லாம் இருந்தன. ஆனால் தைரொயிட் வேலை செய்யாத பிள்ளையைப் பார்வையில் பிடிக்க முடியாது என்று நான் படித்திருந்தேன். அது சத்தம் போடாது, கண்ட நேரமும் நித்திரை கொள்ளும், அழுதாலும் தொண்டை கட்டின மாதிரி மெல்லத்தான் அழும், கவனிக்காமல் விட்டால் மூளை வளராது. என் பிள்ளை நல்லாக நித்திரை கொண்டாள். பார்க்க வந்தவர்கள் எல்லோரும், "என்ன சாதுவான பிள்ளை! குடுத்து வைச்சனீ" என்றார்கள். அதைக் கேட்கும் ஒவ்வொரு முறையும் அவள் கடைசியாக எப்போது அழுதாள் என்று எண்ணிப் பார்த்தேன்.

குதிக்காலில் குத்தி இரத்தம் எடுத்து சேர் கொழும்புக்கு அனுப்பினார். அங்கே அதைச் சோதிப்பதும் பிறபொருளெதிரியும் கதிர்வீசும் அயடீனும் வைத்துத்தான். பத்தாம் நாள் முடிவு வந்தது. எல்லாம் சரி என்று எழுதியிருந்தது. சேர் தானே சைக்கிளில் வீட்டுக்குக் கொண்டுவந்து தந்தார். "இனியாவது நித்திரை கொள்ளும்" என்றார்.

கொண்டேனா? பாதையில் வெயில் பட்டு இரத்தம் பழுதாகியிருந்தால்? வேறொரு பிள்ளையின் இரத்தத்தோடு மாறியிருந்தால்? மாமி கிணற்றடிக்குப் போகும் நேரம் பார்த்து, நித்திரையில் கிடக்கிற பிள்ளையின் காலைக் கிள்ளத் தொடங்கினேன். அவள் வீறிட்டு அழுவாள். குரல் தெளிவாக இருக்கிறதா, கட்டியிருக்கிறதா என்று காதைக் கிட்ட வைத்துக் கேட்பேன். கொஞ்ச நேரத்துக்கு நெஞ்சு ஆறும். பிறகு நித்திரையாகிவிடுவாள். திரும்பக் கிள்ளுவேன்.

ஒரு நாள் மத்தியானம் நிமிர்ந்து பார்த்தால், ஈரத் துணி வாளியோடு மாமி வாசலில் நின்றார்.

"விசரே உனக்கு? பச்சை மண்ணைப் போட்டுக் கிள்ளுறாய்!"

வாளியை அப்படியே விட்டுவிட்டு வந்து என் கையைப் பிடித்தார். பிள்ளையின் காலில் சிவப்புச் சிவப்பாக இருந்த அடையாளங்களைப் பார்த்தார். அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. கிளாஸ், கழுவுதொட்டி, கறண்ட் போனது, கழுத்தில் கத்தினது, அறுபத்துநாலில் ஒன்று, முந்தின வருஷத்து ஒரு மிடறுகூட, எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவருக்கு எவ்வளவு விளங்கியதோ தெரியாது. பேரப்பிள்ளையைக் கொல்லப் பார்த்தாய் என்று சொல்லப்போகிறார் என்று குனிந்தபடி இருந்தேன்.

"அந்தத் தண்ணி, மருந்துதானே?" என்று கேட்டார்.

"ஓம் மாமி."

"அப்ப குடிச்சிருக்கலாமே."

"விரதம் மாமி."

மாமி என்னை விளங்காமல் பார்த்தார். "நான் அந்த ஆறு நாளும் காலமை காலமை பிறசர் குளிசை போட்டனான். ஒரு செம்புத் தண்ணியோடை. அதுக்கு முருகன் கோவிப்பானே? நீ என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கக் கூடாதே, பிள்ளை?"

பிள்ளை கட்டிலில் காலை உதறிக் குளறி அழுதுகொண்டிருந்தாள். மாமி அவளைத் தூக்கக் குனிந்தார்.

"கொஞ்சம் பொறுங்கோ மாமி," என்றேன். "இன்னும் கொஞ்ச நேரம் அழட்டும்."